மேடத்தின் கழுத்து

முன்னறை யாருக்கு என்ற விஷயத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. தெருவுக்கு அதில் ஏகப்பட்ட வருத்தம். சண்டை என்று ஒன்று வந்துவிட்டால் யார் பக்கம் நியாயம் என்று நாலு பேர் பேசலாம். ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கத்தார் எதை வைத்துப் பொழுதை ஓட்டுவது?

வீட்டில் இருந்தது மூன்றே பேர். தறிக்காரன், அவன் பெண்டாட்டி, அவனுடைய அக்கா. தறிக்காரனைத் தெருவில் 'சரிதான்' என்று சொன்னால்தான் தெரியும். மழை வரும் போலிருக்கே என்றால் சரிதான் என்பான். வராது போலிருக்கே என்றாலும் அதையேதான் சொல்வான். பின்னறையில் தறி போட்டு வெள்ளைத் துண்டு நெய்துகொண்டிருந்தான். முன்னறையில் நின்றது அவன் அப்பாவின் தறி. பெரியவர் போனதிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை. ஈரத்துணி காயப்போடவும் குடை மாட்டவும் தோதாக இருந்தது.

அக்காவுக்குத் தெரு வைத்த பெயர் மேடம். புருஷன் கப்பல் வேலைக்குப் போனான். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. வேறொரு துறைமுகத்தில் குடும்பமாகிவிட்டான் என்று கேள்வி. மேடம் அழுது பார்த்தவர்கள் யாருமில்லை. தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், அழகுக்கலைப் பயிற்சிக்குப் போனாள், சான்றிதழைச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவிலிருக்கிற நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டுத் தெருப் பெண்களுக்குப் புருவம் திருத்திவிட்டாள். வெங்காய நெடியில் ஏற்கெனவே கண்ணீர் வந்துகொண்டிருக்கும், அதனால் நூல் இழுக்கிற வலி தெரியாது என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் பாத்திரம் கழுவக் கூப்பிட்டால் மேடம் வரமாட்டாள். தொழில் செய்கிற கை என்பாள். காலையும் மாலையும் கைக்கும் கழுத்துக்கும் களிம்பு தடவுவாள். முகத்தைப் பற்றித் தெருவில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. கழுத்தைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். உரித்த முட்டை மாதிரி இருக்கும்.

பெண்டாட்டிக்காரியின் பெயர் கயித்துக்காரி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சணல் கயிறு திரிக்கிற வீட்டிலிருந்து வந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நாரை முறுக்கி வளர்ந்த கை. கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைப்பாள். தெருவில் எந்த வீட்டிலாவது பாட்டில் மூடி திறக்க மறுத்தால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷனுக்குத் தறி நூலில் தோய்க்கக் கஞ்சி காய்ச்சி, நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்னறைத் தறியைத் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் அதிக நேரம் துடைப்பாள். அதைத் தெரு கவனித்துத்தான் இருந்தது.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு மிதியடியில். துண்டு வாங்க வந்த டவுன் ஜவுளிக்கடை அம்மா வாசலில் காலைத் துடைக்கப் போனவள், துடைக்காமல் குனிந்து அதைக் கையில் எடுத்தாள். கயித்துக்காரி அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கழிவு நாரையும் துண்டு நூலையும் கலந்து பொழுதுபோக்காக நெய்தது.

"இதையே மெல்லிசா, சட்டைத் துணியா நெய்ய முடியுமா?"

"மிதியடியவா?" என்றாள் கயித்துக்காரி.

"இந்தக் கலவையச் சொல்றேன்மா. சணலும் பருத்தியும். இப்ப இதைத்தான் கேக்குறாங்க. பார்த்தா முரடா இருக்கணும், போட்டா மெத்துனு இருக்கணும்."

எதிர்வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளையும் எங்க பக்கம் இப்படித்தான் தேடுனாங்க. கடைசியில நான் கிடைச்சேன்," என்றார்.

முன்னறைக்கு ஏற்கெனவே மேடம் கண் வைத்திருந்தாள். தெருவைப் பார்த்த அறை, வெளிச்சம் உண்டு, தனி வாசல் உண்டு. 'பார்லர்' என்று பலகை மாட்டினால் முச்சந்தியிலிருந்து தெரியும். கடைக்காரம்மா போன பிறகு சாப்பாட்டு நேரத்தில், மாமனாரின் தறியில் அந்தத் துணியை நெய்து பார்க்கிறேன் என்றாள் கயித்துக்காரி. சோறு, கீரை, ஆளுக்கொரு முட்டை. மேடத்தின் முட்டையைத் தம்பி உரித்துக் கொடுத்தான்.

"அந்தம்மா துணிய எடுத்துக்கிட்டா தறி இருக்கட்டும்," என்றாள் மேடம். "எடுத்துக்கலன்னா தறியப் பிரிச்சு மாடியில போட்டுட்டு ரூம எனக்குக் குடுங்க. நான் என்ன உங்க தலையிலயா உக்காரப்போறேன்? முன்னாடிதானே உக்காரப்போறேன்."

"எதுவரைக்கும் டைம் அண்ணி?"

"மழை விடுற வரைக்கும். மழை விட்டா முகூர்த்தம் ஆரம்பிச்சிடும். நான் மணப்பொண்ணை இந்த நடைபாதையில உக்கார வச்சா, கல்யாணத்தன்னைக்கு அவ மேல வெங்காய வாசனை வரும்."

இருவரும் தறிக்காரனைப் பார்த்தார்கள்.

"சரிதான்," என்றான்.

இரண்டு பேருமே அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே அடுப்பில் பெரிய டிரம் ஏறியது. சணல் நாரை நனைத்து, சலவை சோடா போட்டு, கயித்துக்காரி வேகவைத்தாள். நனைந்த சாக்கும் பழைய சுவரும் கலந்த மாதிரி ஒரு வாடை. அது மழையில் மேலே போகாமல் தெருவோடு தவழ்ந்து வந்து ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டிலும் உட்கார்ந்தது. பழுப்பு நிறத் தண்ணீர் கொல்லை வழியாகச் சாக்கடைக்கு ஓடியது. அலசிய நாரை வெளியே காயப்போட வழியில்லை. அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டாள். கீரையில் ஒரு நாள் நார், டீயில் ஒரு நாள் நார். மேடம் ஒரு இழையை வாயிலிருந்து உருவி, விளக்கு வெளிச்சத்தில் நீளம் பார்த்து, தட்டோரத்தில் வைத்துவிட்டு மேலே சாப்பிட்டாள். அவள் சொல்லாமல் வைத்த இழைகளே தட்டோரத்தில் ஒரு சின்னக் குவியலாகச் சேர்ந்தன.

காய்ந்த நாரை விரற்கடை நீளத்துக்கு வெட்டினாள். பஞ்சு ஓர் அடுக்கு, நார் ஓர் அடுக்கு, மறுபடி பஞ்சு என்று பரப்பி, கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே கொடுத்து இழுத்தாள். பாதிக்குப் பாதி. வீடு முழுக்கத் தும்மல். தறிக்காரன் பின்னறையில் தும்மினால் முன்னறையில் இவள் தும்முவாள். அந்தத் தம்பதி இவ்வளவு பேசிக்கொண்டு தெரு கேட்டதில்லை என்று டெய்லர் சொன்னார். பிறகு மோட்டார் ராட்டையில் நூற்றாள். அறுந்தது, முடிந்தாள். மறுபடி அறுந்தது. கயிற்றுக்கு முறுக்குவது போல முறுக்கினால் நூல் சுருண்டு கொள்கிறது, தளர விட்டால் பிரிந்து போகிறது. நடுவில் ஓரிடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் ராட்டையைத் திட்டினாள், கண்டுபிடித்த பிறகு ராட்டையிடம் நல்லபடியாகப் பேசினாள்.

மாமனாரின் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவுக்கு மில் பருத்தி நூலையே ஏற்றினாள். குறுக்கே போகிற ஊடைக்குத்தான் தன்னுடைய கலப்பு நூல். முதல் மிதி மிதித்தபோது தறி முனகியது. மாலைக்குள் பழக்கமாகிவிட்டது. துணி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருளில் ஏறியது. வெண்மையில் தேன் நிறப் புள்ளியும் கோடும் கலந்து, காடை முட்டை போல இருந்தது. பார்க்க அழகுதான். அதில் தெருவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அறுத்து எடுத்து, அலசி, காய்ந்ததும் தன் கழுத்தில் வைத்துத் தேய்த்தாள். மெத்தென்று இருந்தது. புருஷன் கழுத்தில் வைத்தாள். சரிதான் என்றான். தெருப் பெண்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். தெருவில் பாதிப் பேர் கயித்துக்காரி கட்சி, அவர்களுக்குக் குத்தவில்லை. மீதிப் பேர் மேடம் கட்சி, அவர்களுக்குத் தொடுவதற்கு முன்பே குத்தியது.

கடைசியாக மேடம் வந்தாள். கையால் தொடவில்லை. துணியின் ஒரு முனையை எடுத்துத் தாடைக்குக் கீழே, பக்கவாட்டில் வைத்து லேசாக அழுத்தினாள். எடுத்தாள்.

"குத்துது."

"எங்க அண்ணி குத்துது?"

"வச்ச இடத்துல குத்துது."

"எனக்குக் குத்தலையே."

"உனக்கு எதுதான் குத்துச்சு?"

கயித்துக்காரி துணியை மடித்தாள். மடிப்பு ஓரத்தை நகத்தால் ஒரு தடவைக்கு மூன்று தடவை நீவினாள்.

"ரூம் வேணும்னா ரூம் வேணும்னு சொல்லுங்க. துணி மேல ஏன் பழி?"

"ரூம் வேணும்னு அன்னைக்கே சொல்லிட்டேன். இப்ப குத்துதுனு சொல்றேன். ரெண்டும் வேற," என்று சொல்லிவிட்டு மேடம் நடைபாதைக்குப் போனாள். அங்கே ஒரு பெண் பாதிப் புருவத்தோடு காத்திருந்தாள்.

துணி டவுனுக்குப் போனது. கடைக்காரம்மா உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ரொம்ப நல்லா வந்திருக்கு என்று சொல்லி அனுப்பினாள். கயித்துக்காரி அன்றைக்கு முன்னறையைக் கழுவிவிட்டாள். தறிமேல் தொங்கின குடைக்குக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்தாள். மேடம் கட்சி வாயை மூடிக்கொண்டது. ஒரு வாரம்கூட மூடியிருக்கவில்லை.

கடைக்காரம்மாவே வந்தாள். கையில் தைத்த சட்டை. காரிலிருந்து இறங்கும்போதே முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. அதுதான் கவலையாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் இதைப் போட்டுக்கிட்டு பேங்க் மேனேஜரப் பார்க்கப் போனாரும்மா. உக்காந்த இடத்துல நெளியறதும் காலரை இழுத்து விடறதுமா இருந்திருக்கார். அந்த ஆளு, இவர் என்னத்தையோ மறைக்கிறார்னு நினைச்சுட்டாராம். வீட்டுக்கு வந்து பார்த்தா கழுத்தைச் சுத்தி வளையம் போட்ட மாதிரி சிவந்து கிடக்கு."

"நான் கழுத்துல வச்சுப் பார்த்தேன்மா. எனக்கு ஒண்ணும்..."

கடைக்காரம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கையின் உட்புறத்தில் காலரை வைத்துத் தேய்த்தாள். "தெரியலை?"

"இல்லம்மா."

இன்னும் அழுத்தித் தேய்த்தாள். "இப்ப?"

கயித்துக்காரி கையைப் பார்த்தாள். தோலில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கோடு கண்ணுக்குத் தெரிந்தது, மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து கயிறு ஓடின கை. கட்டு சுமந்த கழுத்து.

"நானும் ஏமாந்துட்டேன். உள்ளங்கைக்கு இது தெரியாதும்மா, கழுத்துக்குத்தான் தெரியும்," என்றாள் கடைக்காரம்மா. "மழை விட்டதும் துண்டு எடுக்க வருவேன். அதுக்குள்ள சரிபண்ணி வச்சா பார்க்கிறேன். இல்லன்னா விடு, மனசுல வச்சுக்காத. மிதியடி வேணா வாங்கிக்கிறேன்."

கார் தெரு திரும்புகிறவரை கயித்துக்காரி வாசலில் நின்றாள். மிதியடி என்ற வார்த்தை மற்றதைவிட அதிகமாகப் பட்டிருக்க வேண்டும், உள்ளே போகும்போது அதைத் தாண்டிக் கால் வைத்தாள்.

அன்று மத்தியானம் பின்னறையில் நடந்தது தறிக்காரன் பின்னால் டெய்லரிடம் சொன்னதுதான். அவனாகச் சொல்லவில்லை, டெய்லர் கேட்கக் கேட்கச் சரிதான் சரிதான் என்று ஒத்துக்கொண்டது. கயித்துக்காரி ஒரு மில் பருத்தித் துண்டையும் தன் துணியையும் எடுத்துக்கொண்டு போய்ப் புருஷன் முன்னால் உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடிக்கிறேன். மாத்தி மாத்தி வைங்க. எது எதுன்னு சொல்றேன்."

வைத்தான். தப்பாகச் சொன்னாள். மறுபடி வைத்தான். சரியாகச் சொன்னாள். சந்தோஷப்பட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள், தப்பு. பிறகு அவனைக் கண்ணை மூடச் சொன்னாள். கஞ்சியும் நூலும் ஓடி ஓடி மரத்த கை அவனுடையது, கழுத்தில் வைத்தாலும் யோசித்தான். இரண்டையும் மில் பருத்தி என்றான். பிறகு இரண்டையும் சணல் என்றான். கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு துணியைத் தடவிக்கொண்டிருந்ததை யாராவது பார்த்திருந்தால் அந்த வீட்டைப் பற்றி வேறு மாதிரி பேசியிருப்பார்கள்.

"அக்காவுக்குத் தெரியும்," என்றான் தறிக்காரன், கண்ணைத் திறக்காமல்.

அவன் வாயிலிருந்து ஒரு முழு அபிப்பிராயம் வருவது அபூர்வம். அதற்காகவே அவள் அதை நம்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் நேரே போய்க் கேட்டுவிடவில்லை. முதலில் தன் சொந்த மூளையை உபயோகித்தாள். துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற முடியெல்லாம் போய்விட்டால் எது குத்தும்? அடுப்பைப் பற்றவைத்து, மிச்சமிருந்த துணியை விறைப்பாகப் பிடித்து, தீக்கு மேலே வேகமாக இழுத்தாள். முடி பொசுங்கியது. ஓரமும் கொஞ்சம் பொசுங்கியது. துணி வழவழவென்று தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் நடைபாதைக்குப் போனாள்.

மேடம் ஒரு வாடிக்கைக்காரியின் மேலுதட்டில் நூலை ஓட்டிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள். கயித்துக்காரி துணியை வைத்தாள்.

"முன்னைக்கு மோசம். தீயில காட்டினியா?"

"ஆமா அண்ணி."

"சவரம் பண்ணின மறுநாள் கன்னம் மாதிரி இருக்கு. நுனிய எடுத்தா கட்டை நிக்கும், கட்டைதான் குத்தும். அதான் நாங்க மழிக்கிறதில்ல." நூலை ஒரு சுண்டு சுண்டினாள். நாற்காலியில் இருந்தவள் முனகினாள். "வேரோட வரணும்."

வாடிக்கைக்காரி எழுந்து போகும்வரை கயித்துக்காரி அங்கேயே நின்றாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள் மேடம்.

"சொன்னீங்க."

"என்னன்னு நினைச்ச?"

"பொறாமையில சொல்றீங்கனு நினைச்சேன்."

மேடம் களிம்பு டப்பாவைத் திறந்து விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தாள். "பொறாமை இருந்தது. துணியும் குத்துச்சு."

"இனிமே நூலைக் கொண்டாந்தா வச்சுப் பார்த்துச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன். ஆனா நான் பொய் சொன்னா உனக்குத் தெரியப்போறதில்ல. அதை நினைச்சுக்கிட்டு கேளு."

நினைத்துக்கொண்டுதான் கேட்டாள். வேரோடு வரணும் என்றால் நாரில் தடித்ததெல்லாம் துணிக்குப் போவதற்கு முன்பே போக வேண்டும். பலகையில் ஆணி அடித்து, வெந்த நாரை அதில் போட்டுச் சீவினாள். தடித்த இழையெல்லாம் ஆணியில் நின்றது, மெல்லியது கையோடு வந்தது. ஒரு கூடை நாருக்கு ஒரு கைப்பிடிதான் தேறியது. தடித்ததை மூட்டை கட்டி அப்பன் வீட்டுக்குக் கயிறு திரிக்க அனுப்பினாள். விரற்கடையாக வெட்டினால் குத்துகிற முனைகள் அதிகம் என்று தோன்றியதால் ஒரு விரல் நீளம் விட்டாள். சோடாவில் இரண்டாவது தடவை வேகவைத்தாள். பாதிக்குப் பாதி என்பதை விட்டு, பஞ்சு இரண்டு பங்கு, நார் ஒரு பங்கு.

நூற்று வளையமாகச் சுற்றிய சிட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போவாள். மேடம் கழுத்தைச் சாய்ப்பாள்.

"குத்துது."

திரும்பிப் போய் மறுபடி சீவுவாள். ஏன், எங்கே, எவ்வளவு என்றெல்லாம் கேட்பதில்லை. அடுத்த சிட்டம்.

"குத்துது. முன்னைக்குக் குறைச்சல்."

கொல்லையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஈரத்தில் ராட்டையின் பட்டை வழுக்கியது. கயித்துக்காரி சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

டெய்லருக்குப் பொறுக்கவில்லை. டீ டம்ளரோடு வந்து வாசலில் நின்றார்.

"இந்தாம்மா. உன் அண்ணி என்ன பண்றானு புரியுதா உனக்கு? குத்துது, குத்துதுனு சொல்லிக்கிட்டே இருந்தா போதும். மழை தானா நின்னுடும். பேசாம உக்காந்த இடத்துல ரூம் அவ கைக்கு வந்துடும்."

"இருக்கலாம்ணே."

"இருக்கலாமா? அப்புறம் ஏன் சீவிக்கிட்டே இருக்க?"

"வேற யாருகிட்ட கேக்கச் சொல்றீங்க? உங்க கழுத்தக் குடுங்க."

டெய்லரின் கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். அது உராய்ந்து உராய்ந்து அந்த இடம் செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலையில் மேடம் சிட்டத்தை வைத்துவிட்டு எடுக்கவில்லை. மறுபக்கமும் வைத்துப் பார்த்தாள். "இதை நெய்யி," என்றாள். அவ்வளவுதான்.

நெய்து முடிக்கிறபோது மழை மெலிந்துவிட்டது. மேற்கே வானத்தில் நீலம் தெரிய ஆரம்பித்தது, மேடம் கட்சிக்காரர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். துணி முன்னைப்போலப் புள்ளியாக இல்லை. இளம் தேன் நிறத்தில், அங்கங்கே ஒரு கோடு. அலசிக் காய்ந்ததும் கயித்துக்காரி அதை இரண்டு கையிலும் ஏந்தி எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் ஏழெட்டுப் பேர். டெய்லர் மிஷினைவிட்டே எழுந்து வந்துவிட்டார்.

மேடம் துணியைத் தாடைக்குக் கீழே வைத்தாள். பிறகு பின்கழுத்தில். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"குத்தல."

யாரும் எதிர்பார்த்தது இது இல்லை. குத்துது என்றால் பொறாமை என்று சொல்லிவிட்டுக் கலைந்து போகலாம். குத்தல என்றால் என்ன செய்வது? கயித்துக்காரியின் முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது. டெய்லர் அவள் காதருகே வந்தார்.

"இதுதான் பெரிய வேலை. நல்லாருக்குனு சொல்லி அனுப்பி வைக்கிறா. ரெண்டாவது தடவையும் திரும்பி வந்தா அந்தக் கடைக்காரம்மா இந்தத் தெருப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டா. தறி அதோட மாடிக்குத்தான்."

கயித்துக்காரி துணியைத் தடவினாள். கை ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணி, இதுல உங்களுக்கு ஒரு ஜாக்கெட் தைக்கச் சொல்றேன். காலர் வச்சு, கழுத்து வரைக்கும். ஒரு நாள் பூரா போட்டுக்கிட்டு இருப்பீங்களா?"

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னது பத்தாதா?"

"எனக்குத் தெரியாது அண்ணி. பத்துமா பத்தாதானுகூட எனக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியாது."

"சிவந்துச்சுன்னா?"

"சிவந்துச்சுன்னா தறியப் பிரிக்க நானே திருப்புளி எடுத்துக்கிட்டு வரேன்."

"என் கழுத்து மேல பந்தயம் கட்டுற."

"ஆமா அண்ணி."

மேடம் எழுந்து டெய்லரைப் பார்த்து, "அளவு எடுங்க. காலர் இறுக்கமா வைங்க, தளர வச்சா குத்தாதுனு நாளைக்கு நீங்களே சொல்வீங்க," என்றாள்.

மறுநாள் வெயில் வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ, மொத்தத்தையும் சேர்த்துவைத்து அடித்தது. தெருவிலிருந்து ஆவி கிளம்பியது. மேடம் காலையிலேயே ஜாக்கெட்டைப் போட்டுக் கடைசிப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் புருவம் திருத்த வந்த கூட்டம் அந்தத் தெருவில் அதற்கு முன் வந்ததில்லை. போன வாரம் திருத்தியவளும் வந்தாள், திருத்த ஒரு முடிகூட இல்லாதவளும் வந்தாள். நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தால் மேடத்தின் கழுத்து நேராகத் தெரியும் அல்லவா. வியர்வை காதுக்குப் பின்னாலிருந்து இறங்கிக் காலருக்குள் போனது. மேடம் கையை அங்கே கொண்டுபோகவில்லை.

கயித்துக்காரி பின்னறையில் புருஷனுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், பழையபடி. நூல் இரண்டு முறை சிக்கியது.

மத்தியானம் டெய்லரின் மனைவிதான் அந்த யோசனையைச் சொன்னாள். சொல்லாமலேயே இருந்திருக்கலாம். "இதுல என்ன பெரிய சோதனை இருக்கு? நகத்தால ஒரு கீறு கீறிக்கிட்டா சிவக்கப்போகுது. ரூம் அவளோடது."

உண்மைதான். அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. கயித்துக்காரிக்கும் தோன்றியிருக்காது, இப்போது காதில் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேடம் எழுந்து குளியலறைக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தறிக்காரன் மிதிப்பதை நிறுத்தினான். நடைபாதையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கயித்துக்காரி நூல் கண்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, மேடம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். காலர் பூட்டினபடியே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வெயில் தாழ்ந்ததும் மேடம் முன்னறைக்கு வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றாள். வாசலில் தெருவே நின்றது. கயித்துக்காரி பின்னறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேடம் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காலரை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தாள்.

கயித்துக்காரி கையை நீட்டி அந்தக் கழுத்தைத் தொடப் போனாள்.

"கைய எடு. உன் கைக்கு என்ன தெரியும்? கண்ணால பாரு."

பார்த்தாள். குனிந்து பார்த்தாள், சுற்றிவந்து பின்பக்கம் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். வியர்வையில் பவுடர் கோடு கோடாகத் திரண்டிருந்தது. அதற்குக் கீழே தோல், காலையில் எப்படி இருந்ததோ அப்படி.

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"இல்லனு எனக்குத் தெரியும்."

"உள்ள போயிட்டு வந்தீங்களே, அப்ப..."

"நினைச்சேன்," என்றாள் மேடம். பொத்தானைத் திரும்பப் பூட்டத் தொடங்கினாள். "நகம்கூட வச்சேன். அப்புறம் பார்த்தேன், கீறிக்கிட்டா நான் முதல் தடவை குத்துதுனு சொன்னதும் பொய்யாயிடும்."

கயித்துக்காரி தறியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னறை வாசலில் வந்து நின்ற தறிக்காரன்கூட அவனுடைய அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

"அடுத்த பாவுக்கும் வச்சுப் பார்த்துச் சொல்லுவீங்களா அண்ணி?"

"தறி இங்கதானே நிக்கப்போகுது, சொல்லித்தானே ஆகணும். ஆனா நார் பக்கம் என்னைக் கூப்பிடாத. சீவ, அலச, பெருக்க, எதுக்கும் கூப்பிடாத. அடுப்படிக்கும் கூப்பிடாத." மேடம் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "என் தோலும் உங்க ரெண்டு பேர் தோல் மாதிரி ஆயிட்டா, அப்புறம் இந்த வீட்ல குத்துதா இல்லையானு சொல்ல ஆள் கிடையாது."

வேலைக்கு டிமிக்கி கொடுக்க அவள் இதுவரை எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறாள். அத்தனையிலும் ஒரு ஓட்டை கண்டுபிடித்த தெரு, இதில் எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்காமல் வாசலில் நின்றது.

"அந்தத் தெருக் கதவைச் சாத்து," என்றாள் மேடம். கயித்துக்காரி சாத்தினாள்.